நடுவில் நிற்க ஆள் இல்லை

காலையில் எழுந்தான். கட்டிலில் தன் பக்கத்துப் போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். டீக்குத் தண்ணீர் வைத்தான். தூள் போட மறந்து வெந்நீரை அப்படியே வடிகட்டினான், பிறகு மறுபடியும் அடுப்பில் வைத்தான். இரண்டு ரொட்டித் துண்டுகளை வாட்டி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுத்து, பிரிக்காமல் பழைய தாள்களின் மேல் வைத்தான்.

முன்பெல்லாம் காலையில் அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வண்டியின் இரண்டு கண்ணாடிகளையும் முகப்பு விளக்கையும் ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும். வண்டி விஷயத்தில் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஓட்டத் தெரியாது. மனைவி ஓட்டுவாள், அவன் பின்னால் உட்காருவான். கல்யாணமான புதிதில் தெருவே வேடிக்கை பார்த்தது. "சார் டிரைவர் வெச்சிருக்கார் போல" என்று எதிர்வீட்டுக்காரர் வாயைக் கொடுத்தார். "டிரைவர் இல்லீங்க, சரக்கு ஏத்திட்டுப் போறேன். உடையற சரக்கு, அதான் மெதுவா போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். எதிர்வீட்டுக்காரர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, சாப்டீங்களா?"

"சாப்டேன் அத்தை."

"இன்னிக்கு அந்தக் கூட்டமாமே. சின்னவ சொன்னா. நீங்களும் போறீங்களா?"

"கூப்பிட்டிருக்காங்க."

"போங்க. ஆனா ஒண்ணு. எம்பொண்ணு மேல ஒரு சொல் விழக்கூடாது. போனவளை நடுவுல நிக்க வெச்சு, அது தப்பு இது தப்புன்னு எவனாவது பேசினான்னா எழுந்து வந்துடுங்க. அவளைவிட ஒழுங்கா ஓட்ட இந்த ஊர்ல ஆள் இருக்கா? நீங்களே சொல்லுங்க."

"இல்ல அத்தை."

"கடைசியா உங்ககிட்ட என்னைப் பத்தித்தானே கேட்டா?"

"ம்" என்றான்.

அவன் மனைவி ஆய்வகம் ஒன்றில் வேலை செய்தாள். சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுக்கும் ரத்தத்தையும் சதைத் துணுக்குகளையும் குளிர்பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றிச் சேகரித்துப் பெரிய ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து அறுத்தெடுத்த துணுக்கு ரோட்டில் கொட்டினால் இன்னொன்று கேட்க முடியாது. அதனால் அங்கே வேகத்துக்கு மரியாதை இல்லை. விழாமல் வந்து சேர்வதற்குத்தான் மரியாதை. அந்த மரியாதையில் அவளுக்குத்தான் முதல் இடம். ஆள் இல்லாத சந்தில் திரும்பினாலும், ஏன், வீட்டு வாசலுக்குள் திரும்பினாலும் இண்டிகேட்டர் போடுவாள் என்பதால் அவளுக்குச் 'சிக்னல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் தங்கையும் அதே வேலைக்குச் சேர்ந்தபோது, யாரும் யோசிக்காமலேயே அவள் 'சின்ன சிக்னல்' ஆனாள்.

கூட்டம் என்று மாமியார் சொன்னதை ஆரம்பித்து வைத்தவளும் அவன் மனைவிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திருப்பத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டு, ரோட்டில் மணலைக் கொட்டியவனைத் திட்டினார்கள். "மணல் கொட்டுனவன் நாளைக்கும் கொட்டுவான். அவனை என்னால திருத்த முடியாது" என்றாள் அவள். "நான் மணல் மேல முன்பிரேக்கைப் பிடிச்சேன். அதை நாளைக்குப் பண்ண மாட்டேன்." சூப்பர்வைசர் அன்றே அதைச் சட்டமாக்கிவிட்டார். அவரும் ஒரு காலத்தில் வண்டி ஓட்டியவர்தான். அதன் மிச்சமாக வலதுகாலை லேசாக இழுத்து நடப்பார். அன்று முதல் விழுந்தவர் எவரானாலும் வண்டிக் கொட்டகையின் நடுவில் நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது 'நான்' என்று தொடங்க வேண்டும். 'நாய் குறுக்கே வந்துச்சு' என்றால் செல்லாது. 'நான் நாய் நிக்கிற தெருவுல மூணாவது கியர்ல போனேன்' என்றால் செல்லும். அந்த வாக்கியம் வரும்வரை விழுந்த வண்டியின் சாவி யார் கைக்கும் வராது.

விபத்தில் அவள் போன அன்று ஓட்டிய வண்டியைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்து பல நாளாகிவிட்டது. கொட்டகை மூலையில் நின்றது. அவளுடைய தடத்தைத் தங்கைக்குக் கொடுத்திருந்தார்கள். வண்டியையும் அவளுக்கே கொடுக்க வேண்டும். வாக்கியம்தான் இல்லை.

தங்கை அவன் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். "மாமா, வாங்க. பஸ்ஸுல வர்றேன்னு ஆரம்பிக்காதீங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். யார் பின்னாலும் உட்கார்ந்து கொஞ்ச நாளாகிவிட்டது.

மனைவியின் முதுகைப் பார்த்தே அவனுக்குச் சாலை தெரியும். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கினால் பள்ளம். முதுகு நிமிர்ந்தால் முன்னால் பள்ளிக்கூடம். நிறுத்திவைத்த கார்களை ஒட்டி அவள் போனதே இல்லை. கதவு முழுசாகத் திறந்தாலும் தொடாத தூரத்தில்தான் போவாள். நிற்கிற வேனைக் கண்டால் தலையைத் தாழ்த்தி அதன் அடியில் பார்ப்பாள், அந்தப் பக்கம் யாருடைய காலாவது தெரிகிறதா என்று. முதல் தூறல் விழுந்ததும் ஓரங்கட்டிவிடுவாள். எல்லோரும் நனையாமல் போய்ச்சேரப் பறக்கிற நேரம் அது. "இப்பத்தான் ரோட்டுல இருக்கற எண்ணெய்ப் பசையெல்லாம் மேல வரும். நல்லா பெஞ்சு கழுவட்டும், அப்புறம் போலாம்" என்பாள். நன்றாக நனைந்த பிறகு கிளம்புவார்கள். அவன் அலுவலகத்தில் பெட்டிகளுக்கு வடிவம் வரைகிறவன். ஈரச் சட்டையோடு போய் உட்கார்ந்து அட்டை மடிப்புகளை வரைவான். "மழைக்குப் பயந்து நின்னீங்களா, மழையில நனையணும்னு நின்னீங்களா?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார்.

ஒருதடவை அவனுக்கே அலுத்துப்போய்க் கேட்டான். "இவ்வளவு பார்த்து ஓட்டினா விழவே மாட்டோமா?"

"யார் சொன்னா? ரோடு என் கையில இல்ல. ஆனா பிரேக் மேல ரெண்டு விரல் எப்பவும் இருக்கும். அது என் கைதானே."

இப்போது தங்கையின் முதுகு அதையெல்லாம் அப்படியே செய்தது. பள்ளத்துக்குத் தோள் இறங்கியது. வேனுக்கு அடியில் தலை தாழ்ந்தது. ஒரு குறுக்குத் தெருவிலிருந்து கார் ஒன்று மூக்கை நீட்டியபோது, அவள் ஹெல்மெட் அந்த ஓட்டுநர் பக்கம் திரும்பி, அவன் பார்க்கும்வரை அவன் முகத்திலேயே நின்றது. அவன் பார்த்தான். அவள் போனாள். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்தவன் மட்டும் அந்தக் கார் மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கொட்டகையில் வண்டிகளெல்லாம் முகம் வாசலைப் பார்க்க நின்றன. அதுவும் மனைவி ஏற்படுத்திய பழக்கம்தான். ஓட்டுகிறவர்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீ குடிங்க சார்" என்று தம்ளரை நீட்டினான் 'ராக்கெட்'. அங்கே அதிகம் விழுந்தவன் அவன்தான். "நடுவுல நின்னு நின்னு எனக்கு அந்த இடம் சொந்த வீடு மாதிரி சார். அக்கா எப்பவும் கேப்பாங்க, 'என்னடா, இந்த வாரம் என்ன கண்டுபிடிச்சே?'ன்னு. ஒரு தடவை, 'நான் ஒரு பொண்ணைப் பாத்தேன்'னு சொன்னேன். 'சரிதான், செல்லும்'னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு நடுவுல நிக்க ஆள் இல்ல. அவ இடத்துல நாமதான் யோசிக்கணும். யாரும் அழக் கூடாது, அவளுக்குப் பிடிக்காது. கண்ணாடி, நீ சொல்லு."

'கண்ணாடி' என்பவர் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுக்காரர். விபத்து நடந்த மூலையில் இருக்கும் துணிக்கடையின் கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். "நான் அதைத் திரும்பத் திரும்பப் பாத்தேன் அண்ணே. தூங்க முடியல. அவங்க வர்ற வேகம் என்னைவிடக் குறைச்சல். லைட்டு எரியுது. குறுக்குத் தெருவுல கார் நிக்கிறதைப் பாத்ததும் ஒரு கியர் குறைக்கறாங்க, வண்டி முன்னாடி லேசா குனியுது பாருங்க, அதுலேயே தெரியும். ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வர்றாங்க, அவன் கண்ணுல படட்டும்னு. ஹாரன் அடிச்சிருப்பாங்க, படத்துல சத்தம் இல்ல."

"அடிச்சா. துணிக்கடைக்காரர் சொன்னார்" என்றாள் தங்கை.

"ஹெல்மெட்டு அவன் பக்கம் திரும்புது. நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவன் பாக்கற வரைக்கும் அவன் முகத்தை விடாதேன்னு சொல்வாங்க இல்ல? விடல. அவனும் திரும்பி நேரா இவங்களைப் பாக்கறான். அப்புறம்தான் இவங்க போறாங்க. அப்ப அவன் வந்துட்டான்."

"பாத்துட்டு எப்படிண்ணே வருவான்?" என்றான் ராக்கெட்.

"அவன் பாக்கவே இல்ல" என்றார் சூப்பர்வைசர். "போலீஸ்ல அவனே சொல்லியிருக்கான். அவளுக்குப் பின்னாடி வந்த பஸ்ஸைப் பாத்தேன், பஸ் தூரத்துல இருந்தது, எடுத்துட்டேன்னு. மூஞ்சி இந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்."

தகரக் கூரையில் ஏதோ பறவை நடக்கும் சத்தம் கேட்டது.

பிறகு ஆளாளுக்கு முயன்றார்கள். இன்னும் ஒரு கியர் குறைத்திருக்கலாமோ என்றார் ஒருவர். குறைத்திருந்தாலும் அவன் எடுத்த வேகத்துக்கு நிறுத்த இடம் இருந்திருக்காது என்றார் கண்ணாடி. வேறு தெருவில் போயிருக்கலாமோ என்றார் இன்னொருவர். அந்த மருத்துவமனைக்கு வேறு தெரு கிடையாது. கையுறை, பூட்ஸ், சட்டைமேல் பளபளக்கும் பட்டை என்று எல்லாவற்றையும் சொல்லி எல்லாவற்றையும் அவர்களே தள்ளினார்கள். ஒவ்வொன்றைத் தள்ளும்போதும் அவர்கள் முகத்தில் ஒரு பெருமை ஏறியது. நாற்காலியைப் பிடித்திருந்தவன் அதைப் பார்த்தான். தேர்வுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, குறைக்க ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காத வாத்தியார்களைப் போல இருந்தார்கள். அவனுக்கும் அந்தப் பெருமை தொற்றியது. வெகுநாளைக்குப் பிறகு அவனுக்கு ஏதோ ஓர் உணர்ச்சி வந்தது.

"அப்ப சரி" என்றார் சூப்பர்வைசர். "நானும் இந்த வேலையில கிழவனாயிட்டேன். எல்லா விழுதலுக்கும் ஓட்டறவன் பக்கம் ஒரு காரணம் இருக்கும்னு அவ சொன்னதை நம்பித்தான் இத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கோம். இவ ஒருத்திக்கு இல்ல. இவ வாக்கியத்துல தப்பு இல்லேன்னே வெச்சுக்கலாம். சாவியைச் சின்னவகிட்டக் குடுத்துடறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ஒருவருக்கும் இல்லை. ராக்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாமியார் கேட்டது நடந்துவிட்டது. அவள் பெண்மேல் ஒரு சொல்லும் விழவில்லை. போய்ச் சொன்னால் போதும்.

"எனக்கு இருக்கு" என்றாள் தங்கை.

நீட்டிய சாவியை அவள் வாங்கவில்லை.

"என்னம்மா?"

"தப்பு இல்லேன்னா நான் என்ன பண்றது அண்ணே? நாளைக்கு அதே மூலைக்கு நான்தான் போகணும். அதே மாதிரி ஒரு கார் நிக்கும். நான் என்னத்தை மாத்திக்கறது?"

"நீ உங்க அக்கா மாதிரியே ஓட்டு. அது போதும்."

"அவ மாதிரியே ஓட்டித்தானே அவ போயிட்டா!" உடனே கோபமாகச் சேர்த்துக்கொண்டாள். "அம்மா தினமும் சொல்றா, வண்டின்னா விழறதுதான், பாத்து ஓட்டறதெல்லாம் சும்மான்னு. நான் அவகிட்டச் சண்டை போடறேன். இப்ப நீங்களும் அதையேதான் சொல்றீங்க. தப்பே இல்லாம ஒருத்தி விழலாம்னா, இந்தக் கொட்டகை எதுக்கு? ராக்கெட் எதுக்கு ஒவ்வொரு வாரமும் நடுவுல நிக்கறான்?"

"ஒவ்வொரு வாரமும் இல்ல" என்று முனகினான் ராக்கெட்.

"அவளைச் சாமியாக்கிட்டு என்னை அந்த மூலைக்கு அனுப்பாதீங்க. எங்க பாக்கணும்னு சொல்லுங்க. அவன் மூஞ்சியைப் பாத்து நம்பக் கூடாதுன்னா, வேற எங்க பாக்கறது?"

"வேற எங்கம்மா பாப்பே?" என்றார் சூப்பர்வைசர். "பாக்க வேண்டிய இடத்துலதான் அவ பாத்தா."

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றி அக்காவின் வண்டி இருக்கையில் வைத்தாள். "அப்ப எனக்கு இந்த வேலை வேண்டாம்."

வேண்டாம் என்றாலும் அவள் ஓட்டுகிறவள். வண்டியில் ஏறினால் அவள் முதுகும் அக்காவின் முதுகு மாதிரியே வேலை செய்யும். பின்னால் உட்கார்ந்து வந்தவனுக்குத்தான் அது தெரியும். அங்கே நின்றிருந்த ஒவ்வொருவரும் நாளைக்கு ஏதாவது ஒரு தெருமுனையில் யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

நாற்காலியை விட்டுவிட்டு நடுவில் வந்து நின்றான். அங்கே யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்றால்தான் பேச்சு வரும் போலிருந்தது.

"அவ எங்கிட்டப் பேசினா" என்றான்.

"தெரியும் மாமா" என்றாள் தங்கை. "அம்மாவைப் பாத்துக்கச் சொன்னா. சொன்னீங்களே."

"அத்தை கேட்டாங்க, 'என்னைக் கேட்டாளா'ன்னு. நான் தலையை ஆட்டினேன். அவ அப்படிச் சொல்லல."

தங்கை அவனையே பார்த்தாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். அவனும் பக்கத்தில் ஓடினான். அவளுக்கு நினைவு இருந்தது. ஹெல்மெட் பட்டை பதிந்த கோடு தாடையில் சிவப்பாக இருந்தது. அவன் கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்த விரல்களில் இரண்டு மட்டும் அழுத்தமாக இருந்தன. பேசாதே என்றான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். குனிந்து காதைக் கொடுத்தான். என்ன சொல்லப் போகிறாள் என்று அந்த ஒரு நொடியில் அவனாகவே எதையெதையோ எதிர்பார்த்தான். அவன் பெயரைச் சொல்வாள் என்றுகூட. அவள் சொன்னது அவனுக்கானதே இல்லை. வண்டி ஓட்டத் தெரியாதவனிடம் சொல்ல வேண்டிய பேச்சே இல்லை. இந்தக் கொட்டகையில் நிற்கிறவர்களுக்குச் சொன்னாள், அவன் காது பக்கத்தில் இருந்ததால் அதில் சொன்னாள். பிறகு அறுவை சிகிச்சை அறையின் கதவு மூடிக்கொண்டது. அதனால்தான் இத்தனை நாள் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அவளிடமிருந்து கிடைத்த கடைசி வார்த்தை. அதில் அவனுக்கு ஒன்றும் இல்லை. அதைக் கொடுத்துவிட்டால் அவள் மேல் ஒரு தப்பும் ஏறும்.

இப்போது நினைத்துப் பார்த்தான். எலும்பு நொறுங்கிக் கிடந்தபோதுகூட அவள் காரோட்டியைத் திட்டவில்லை. விதியைத் திட்டவில்லை. வலிக்கிறது என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஒரு ஓட்டை இருப்பதை, விழுந்த இடத்துக்கும் அந்தத் தாழ்வாரத்துக்கும் நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அப்படி ஒருத்தியோடு அவன் குடும்பம் நடத்தியிருக்கிறான்.

"அவ சொன்னதை அப்படியே சொல்றேன்" என்றான். "ஒரு எழுத்து மாத்தல. அத்தைகிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேன்."

சூப்பர்வைசர் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். கண்ணாடி, கண்ணாடியைக் கழற்றினார். தங்கை ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான் அவன் மூஞ்சியையே பாத்துட்டு வந்தேன்பா. கார் சக்கரத்தப் பாத்திருக்கணும்."